பிரிண்டர் வாங்கும் முன் ஒரு கேள்வி: எத்தனை நாள் சும்மா கிடக்கும்?

பிரிண்டர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி "கலரா, பிளாக்கா?" அடுத்தது, "பட்ஜெட் எவ்வளவு சார்?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லி வாங்கிய பிரிண்டர்களில் கணிசமானவை ஒரு வருடத்தில் அலமாரி மேல் துணி போர்த்தப்பட்டுக் கிடக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மாதம் எத்தனை பக்கம் அடிப்பீர்கள்? ஒரு முறை அடித்தபின் அடுத்து அடிக்க எத்தனை நாள் ஆகும்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிரிண்டரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

காரணம் எளிது. இங்க்ஜெட் பிரிண்டரில் இருப்பது மை. அதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் காயும். லேசர் பிரிண்டரில் இருப்பது 'டோனர்' என்ற பவுடர்; அது ஏற்கெனவே காய்ந்த பொருள், இனிக் காய ஒன்றுமில்லை. மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

மை எப்படித் தாளுக்கு வருகிறது

இங்க்ஜெட்டில் 'ஹெட்' என்று ஒரு பகுதி தாளுக்கு மேலே இடமும் வலமும் ஓடும். அதன் அடியில் தலைமுடியை விடவும் மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள். மையை அந்தத் துளை வழியே துளியாகத் தள்ள இரண்டு வழிகள் உண்டு. எச்பி, கேனான் வகைகளில் துளைக்குப் பின்னால் ஒரு சின்ன ஹீட்டர் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மையைச் சூடாக்கும், குமிழி கிளம்பும், குமிழி மையைத் தள்ளும். எப்சன், பிரதர் வகைகளில் சூடு கிடையாது. மின்சாரம் கொடுத்தால் நெளிகிற ஒரு படிகம் மையை அழுத்தித் தள்ளும்.

இதனால் வாங்குபவருக்கு என்ன? சூடாகும் ஹெட் சீக்கிரம் தேயும். ஆனால் பெரும்பாலும் கழற்றி மாற்றும்படி வைத்திருப்பார்கள். எச்பியின் சிறிய கார்ட்ரிட்ஜ்களில் (மை அடைத்த, கழற்றி மாற்றும் பெட்டி) ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வரும், புது கார்ட்ரிட்ஜ் போட்டால் புது ஹெட். கேனானின் ஜி வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்களில் (தொட்டியில் மையை ஊற்றி நிரப்பும் வகை) கறுப்புக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என இரண்டு ஹெட்கள்; தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். எப்சன் ஹெட் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பிரிண்டரோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. அது சுத்தம் செய்ய முடியாத அளவுக்கு அடைத்துவிட்டால், மாற்றும் செலவு புதுப் பிரிண்டரின் விலையை நெருங்கும். அடிக்கடி அடிப்பவருக்கு எப்சன் ஹெட் லாபம். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பவருக்கு அதுவே ஆபத்து.

இங்கே நடக்கும் வழக்கமான கதை: மே மாதம் பள்ளி விடுமுறை, குடும்பம் ஊருக்குப் போய்விடுகிறது. வீட்டில் வெயில், ஜன்னல்கள் மூடியபடி, பிரிண்டர் நாற்பது நாள் சும்மா. ஜூன் முதல் வாரம் புத்தக அட்டைக்கு லேபிள் அடித்தால் நீலம் வருவதே இல்லை, கறுப்பு கோடு கோடாக விட்டு விட்டு வருகிறது. பதறிப்போய் 'ஹெட் கிளீனிங்' பொத்தானை ஏழெட்டு முறை அழுத்துவார்கள். சிக்கல் அங்கேதான் பெரிதாகிறது.

ஹெட் கிளீனிங் என்பது கழுவுதல் அல்ல. பிரிண்டர் தன் சொந்த மையையே துளைகள் வழியே உறிஞ்சி வெளியே கொட்டுகிறது. கொட்டும் மை பிரிண்டரின் அடியில் உள்ள பஞ்சு போன்ற ஒரு பட்டையில் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் தானே கணக்கு வைத்திருக்கும். கணக்கு எல்லையைத் தொட்டதும் பிரிண்டர் நின்றுவிடும். எப்சன் எல் வரிசையில் சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னும். கேனானில் 5பி00 என்ற எரர் வரும். உடைந்தது எதுவுமில்லை, குப்பைத்தொட்டி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். சர்வீஸ்காரர் ஒரு மென்பொருள் வைத்து அந்தக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கி அனுப்பிவிடுவார். பஞ்சையும் மாற்றினாரா என்று கேளுங்கள். மாற்றாமல் கணக்கை மட்டும் அழித்தால், சில மாதம் கழித்து மேசை மேல் மை வழியும். இப்போது வரும் சில மாடல்களில் இந்தப் பெட்டியைப் பயனரே கழற்றி மாற்றலாம். 'மெயின்டனன்ஸ் பாக்ஸ்' அல்லது 'மெயின்டனன்ஸ் கார்ட்ரிட்ஜ்' என்று பெயர். இரண்டு மாடல்களுக்கு நடுவே தடுமாறினால் இது உள்ளதை எடுங்கள்.

சரியான முறை: முதலில் 'நாசில் செக்' அடியுங்கள். நான்கு வண்ணக் கோடுகள் உள்ள ஒரு பக்கம் வரும். மிகச் சொற்ப மைதான் செலவாகும். கோடு உடைந்திருந்தால் ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் சரியாகவில்லையென்றால் நிறுத்திவிட்டு, பிரிண்டரை அணைத்து, ஓர் இரவு விடுங்கள். காய்ந்த மை புதிய மையில் ஊறி இளக நேரம் வேண்டும். காலையில் ஒரு கிளீனிங் போட்டால் பெரும்பாலும் திறந்துவிடும்.

அடைப்பே வராமலிருக்க வாரம் ஒரு முறை நாசில் செக் அடித்தால் போதும். கூடவே ஒரு பழக்கம்: பிரிண்டரை அதன் பொத்தானில் அணையுங்கள், சுவர் சுவிட்சில் அல்ல. பொத்தானை அழுத்தும்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். சுவிட்சை நேராக அணைத்தால் ஹெட் நடுவழியில் திறந்தே நிற்கும். அடிக்கும்போது கரண்ட் போனாலும் இதே நிலைதான். கரண்ட் வந்ததும் ஒரு முறை பொத்தானில் போட்டு, பொத்தானிலேயே அணைத்துவிடுங்கள்.

பவுடர் எப்படித் தாளில் ஒட்டுகிறது

லேசரில், பல மாடல்களில் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே, 'ட்ரம்' என்று ஓர் உருளை, பெரும்பாலும் பச்சை அல்லது நீல நிறத்தில். அதன் மேல் நிலைமின்சாரம் ஏற்றப்படும். லேசர் ஒளி எழுத்துகள் வர வேண்டிய இடங்களில் அந்த மின்சாரத்தை மாற்றும். அங்கே மட்டும் பவுடர் ஒட்டும். ட்ரம் தாளைத் தொட்டுப் பவுடரைக் கொடுக்கும். தாள் அடுத்து 'ஃபியூசர்' வழியாகப் போகும். அது சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள உருளை. பவுடர் என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். உருகித் தாளோடு பிடித்துக்கொள்ளும். லேசர் பிரிண்ட் கையில் சுடச்சுட வருவதும், அதன்மேல் தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாததும் இதனால்தான். இந்த முறை காகித நகலெடுப்புக்காகப் பிறந்தது. 1938இல் செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் செய்து காட்டியது. நாம் 'ஜெராக்ஸ்' என்று சொல்வதும் பின்னாளில் அதை விற்ற நிறுவனத்தின் பெயர்தான்.

ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து போட்டாலும் லேசர் முதல் பக்கத்திலேயே ஒழுங்காக அடிக்கும். வீட்டில் எப்போதாவது ஒரு ஒப்பந்தம், ஒரு ஹால் டிக்கெட், ஒரு வங்கி விண்ணப்பம் மட்டும் அடிப்பவர், கலர் அவசியமில்லையென்றால், கண்ணை மூடிக்கொண்டு கறுப்பு-வெள்ளை லேசர் வாங்கலாம். விலையைப் பார்த்து இங்க்ஜெட் பக்கம் போக வேண்டாம்.

லேசருக்கு ஒரு குணம்: மின்சாரம் விழுங்கும். இங்க் டேங்க் பிரிண்டர் அடிக்கும்போது பத்து இருபது வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். லேசரின் ஃபியூசர் சூடாகும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட்தான். அதில் லேசரைச் செருகினால் யுபிஎஸ் 'பீப்' என்று கத்திவிட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைக்கும். லேசரைச் சுவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள்.

பக்கத்துக்கு எவ்வளவு

பிரிண்டரின் விலை ஒருமுறை, மையின் விலை ஒவ்வொரு முறையும். பெட்டி மேல் 'இத்தனை பக்கம்' என்று எழுதியிருப்பது ஐஎஸ்ஓ தரமுறைப்படி அளந்தது. மாதிரிப் பக்கங்களை வைத்து, நிற்காமல் தொடர்ந்து அடித்துப் பார்த்த எண். நிறப்பரப்பு குறைவான ஒரு சாதாரணக் கடிதப் பக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 5 சதவீதம் என்பார்கள். படம் நிறைந்த பள்ளி ப்ராஜெக்ட் பக்கம் அதைப் போலப் பல மடங்கு குடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் அடிக்கும் வீட்டில், பிரிண்டர் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள மை செலவழிப்பதால், பெட்டியில் போட்ட எண் கையில் கிடைக்காது.

சில எண்கள்: எச்பி 805 என்ற சிறிய கறுப்புக் கார்ட்ரிட்ஜ் சுமார் 120 பக்கம். எப்சன் 003 கறுப்பு மை 65 மில்லி குப்பி 4,500 பக்கம். பிரதர் டிஎன்-2365 டோனர் 2,600 பக்கம். எச்பி 12ஏ டோனர் 2,000 பக்கம். விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய் என்றால் பக்கத்துக்கு ஏழரை ரூபாய். மைக்குப்பி 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு ஒன்பது பைசா. பிரதர் டோனர் 2,600 ரூபாய் என்றால் ஒரு ரூபாய்.

இதைப் பார்த்ததும் இங்க் டேங்க்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதம் இருபது பக்கம் அடிக்கும் வீடு மூன்று வருடத்தில் அடிப்பது 720 பக்கம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்தாலும் 3,600 ரூபாய்தான் ஆகும். பதின்மூன்று பதினாலாயிரம் போட்டு இங்க் டேங்க் வாங்கி, அதை வாரா வாரம் விழிக்க வைத்துக்கொண்டிருக்க அவசியமில்லை. பிரிண்டர் வாங்காமலிருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். ஆதார், வங்கி ஸ்டேட்மென்ட் போன்றவற்றைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அடிப்பவர்கள், வேலை முடிந்ததும் உங்கள் வாட்ஸ்அப்பிலும் அவருடையதிலும் அங்கேயே அழித்துவிடுங்கள். டவுன்லோட் ஃபோல்டரையும் சேர்த்து.

மாதம் நூறு பக்கத்தைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகும். அங்கே கார்ட்ரிட்ஜ் பிரிண்டருக்கு இடமே இல்லை. மூவாயிரம் நாலாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று அதை எடுப்பவர், நாலைந்து கார்ட்ரிட்ஜுக்குள் பிரிண்டரின் விலையை மறுபடி கட்டிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை: பிரிண்டரோடு வரும் முதல் மை, முதல் டோனர் ஆகியவற்றை வைத்து ஆயுளைக் கணிக்காதீர்கள். இங்க் டேங்கில் முதல் நிரப்பலில் ஒரு பகுதி குழாய்களை நிறைக்கவே போய்விடும். லேசரோடு வருவது பல மாடல்களில் 'ஸ்டார்ட்டர்' டோனர், முழு அளவு இருக்காது.

எந்த இடத்துக்கு எது

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஸ்கேனர் சேர்ந்த இங்க் டேங்க். வேகத்தைப் பற்றிக் கடையில் சொல்வதில் பாதியைத் தள்ளுங்கள். எப்சன் எல்3210 பெட்டியில் நிமிடத்துக்கு 33 பக்கம் என்று இருக்கும்; அது மங்கலான டிராஃப்ட் முறையில். ஐஎஸ்ஓ அளவில் கறுப்பு 10, கலர் 5. வீட்டுக்கு அதுவே தாராளம். 5760 டிபிஐ (ஓர் அங்குலத்தில் இத்தனை புள்ளி) என்பதும் அப்படித்தான். எழுத்துக்கு 600 போதும்.

மையில் இரண்டு வகை உண்டு. 'டை' மை தண்ணீரில் முழுவதும் கரைந்தது. படத்துக்கு அழகு, ஒரு துளி நீர் பட்டால் பரவும். 'பிக்மென்ட்' மை நுண்துகள்களால் ஆனது. எழுத்து கறுகறுவென்று நிற்கும், நீர் பட்டால் அவ்வளவாகக் கலையாது. எப்சன் 003இல் நான்கும் டை. கேனான் ஜி2010, எச்பி இங்க் டேங்க் போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஆவணங்கள் அதிகமென்றால் கறுப்பு பிக்மென்ட் உள்ளதைப் பாருங்கள். ஒன்றுக்கான மையை இன்னொன்றில் ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் கட்டியாகித் துளைகளை அடைக்கும்.

இங்க் டேங்கை வீடு மாற்றும்போது சாய்க்காதீர்கள். ஆட்டோவின் பின்சீட்டில் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோய், திறந்தால் உள்ளே நான்கு வண்ணமும் ஹோலி கொண்டாடியிருக்கும். டேங்க் மூடிகளை இறுக்கி, நேராக நிறுத்தியே கொண்டுபோக வேண்டும்.

வக்கீல் அலுவலகம், பத்திர எழுத்தர், ஆடிட்டர்: இந்த மூவருக்கும் தேவை கறுப்பு-வெள்ளை லேசர், தானே இரண்டு பக்கமும் அடிக்கும் 'டூப்ளெக்ஸ்' வசதியோடு. முத்திரைத்தாள் அடிப்பவர் இன்னும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, நீளம். லீகல் தாள் 216க்கு 356 மில்லிமீட்டர். ஏ4 என்பது 210க்கு 297. பெரும்பாலான ஏ4 பிரிண்டர்கள் லீகல் தாளையும் அடித்துவிடும், ஏ3 பிரிண்டர் தேவையில்லை. ஆனால் ஸ்கேனரும் சேர்ந்த 'ஆல்-இன்-ஒன்' மாடலின் ஸ்கேன் கண்ணாடி ஏ4 நீளமே இருக்கும். லீகல் பத்திரத்தை அதில் நகலெடுத்தால் கீழே இரண்டங்குலத்துக்கு மேல் காணாமல் போகும்; சாட்சிக் கையெழுத்து இருக்கும் இடமே அதுதான். மேலே தாளைத் தானே இழுக்கும் 'ஏடிஎஃப்' உள்ள மாடல்களில் பல லீகல் நீளத்தை ஏற்கும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு லீகல் தாளைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, தாள் நுழையும் வழி. முத்திரைத்தாள் தடிமனானது, பெரும்பாலும் மடித்துவைத்தது. ட்ரேயில் கட்டாகப் போடாமல், ஒற்றைத்தாள் செருகும் வழியில் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். மடிப்பை எதிர்ப்பக்கம் நீவித் தட்டையாக்குங்கள். மடிப்புக் கோட்டில் பவுடர் சரியாக ஒட்டாமல் அந்த வரி மட்டும் உதிரும். கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் மென்பொருளான 'டிரைவர்' அமைப்பில் தாள் வகையைத் தடிமன் என்று மாற்றினால் ஃபியூசர் கூடுதல் சூட்டில் இயங்கும். மாற்றாமல் அடித்தால் விரலால் தேய்த்ததும் எழுத்து கையோடு வரும்.

மூன்றாவது, இடம். மேல் பகுதியில் முத்திரை அச்சு இருப்பதால் அளவுகோல் வைத்து அளந்து, மேல் ஓரத்தை அதற்குத் தக்கபடி விடுங்கள். முதலில் சாதாரணத் தாளில் ஒரு முறை அடியுங்கள். அதை முத்திரைத்தாள் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே மோதுகிறது என்று தெரியும். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்குப் பென்சிலால் மூலையில் ஒரு புள்ளி வைத்துச் சோதியுங்கள். முத்திரைத்தாளின் பின்புறத்தில் கிரயப் பத்திரத்தை அடித்துவிட்டு விழிப்பவர்கள் நிறையப் பேர்.

கடை பில் வேறு உலகம். சின்ன ரசீதுக்கு 'தெர்மல்' பிரிண்டர். மையும் இல்லை, ரிப்பனும் இல்லை, சூடு பட்டால் கறுக்கும் தாள். இரண்டங்குலம், மூன்றங்குலம் என்று ரோல் கேட்டு வாங்குவார்கள், அதாவது 58, 80 மில்லிமீட்டர் அளவுகள். பில் வெள்ளையாக வந்தால் பிரிண்டர் கெடவில்லை, ரோலைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நகத்தால் கீறினால் கறுங்கோடு விழும் பக்கம்தான் ஹெட்டைப் பார்க்க வேண்டும். இந்த எழுத்து சில மாதங்களில் மங்கும், வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் இன்னும் வேகமாக. கணக்குக்கு வைக்க வேண்டிய பில்லை அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

ஒரே அடியில் மூன்று நான்கு கார்பன் காப்பி வேண்டுமென்றால் இன்றைக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான். லாரி புக்கிங் ஆபீஸிலும் மொத்த வியாபாரக் கடையிலும் 'கிர்ர்...' என்று கத்துகிற எப்சன் எல்எக்ஸ்-310, டிவிஎஸ் எம்எஸ்பி 240, 250 இந்த வகை. ஊசிகள் ரிப்பனை அடித்துத் தாளில் பதிப்பதால் அடித்தாள்களிலும் எழுத்து விழும். லேசரோ இங்க்ஜெட்டோ இதைச் செய்ய முடியாது. எல்எக்ஸ்-310 மேல் தாளோடு சேர்த்து ஐந்து தாள் வரை அடிக்கும். தாள் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஹெட்டின் இடைவெளியை மாற்ற ஒரு நெம்புகோல் இருக்கும். ஒற்றைத்தாளுக்கு வைத்த இடத்திலேயே விட்டு நான்கு தாள் கொடுத்தால் ரிப்பன் தேய்த்துக் கறைபடும், ஊசியும் உடையலாம். ஆங்கில பில் சரசரவென்று ஓடுகிற அதே பிரிண்டர், விண்டோஸிலிருந்து தமிழ் பில் அடிக்கும்போது ஊர்ந்து போகும். பிரிண்டரின் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் எழுத்தைப் படமாக வரைகிறது. பழுது என்று நினைக்க வேண்டாம்.

பாஸ்போர்ட் போட்டோ அடிக்கும் கடைக்கு ஆறு வண்ண மை உள்ள போட்டோ பிரிண்டர். நான்குக்கு ஆறு அங்குலப் போட்டோ பேப்பரில் 35க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டு அடங்கும். மற்றவர்களுக்கு இந்த வகை தேவையில்லை. மைச் செலவு தாங்காது. பத்துப் பேருக்கு மேல் உள்ள அலுவலகம் மேசைக்கு ஒரு சிறிய பிரிண்டர் வாங்குவதை விட, நெட்வொர்க்கில் இணைந்த ஒரு பெரிய மெஷினைப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு வாடகைக்கு எடுப்பது மேல்.

ரீஃபில் பற்றி உள்ளபடி

கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் பழைய மாடல்கள். ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் இவற்றைப் பார்க்கலாம். காரணம் வேகமோ தரமோ அல்ல. தெருவுக்குத் தெரு இவற்றின் டோனரை ரீஃபில் செய்ய ஆள் இருக்கிறார். ரீஃபில் செய்தால் பக்கச் செலவு சில பைசாக்களாகக் குறைந்துவிடும். குறையும் உண்டு: இவை யுஎஸ்பி கம்பியில் மட்டும் வேலை செய்யும், கம்ப்யூட்டர் இல்லாமல் செல்போனிலிருந்து நேராக அடிக்காது. புதிய மாடல்கள் சிலவற்றில் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்து, கம்பெனி டோனர் இல்லையென்றால் அடிக்க மறுக்கும்படி செய்திருக்கிறார்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்பதை விட, அந்த ஊர் ரீஃபில்காரரிடம் "இந்த மாடலுக்குப் பவுடர் போடுவீர்களா, சிப் மாற்றணுமா?" என்று கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

ரீஃபிலில் தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். இந்த மாடல்களின் டோனர் கார்ட்ரிட்ஜில் இரண்டு அறைகள். ஒன்று புதுப் பவுடருக்கு, இன்னொன்று ட்ரம்மிலிருந்து வழித்தெடுத்த கழிவுப் பவுடருக்கு. அவசரத்தில் கழிவுப் பவுடர் அறையைக் காலி செய்யாமல் புதுப் பவுடரை மட்டும் நிரப்பினால், சில நூறு பக்கத்தில் கழிவு வழிந்து தாள் முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழும். கழிவுப் பவுடரை மறுபடி நல்ல அறையில் கொட்டுபவர்களும் உண்டு; அதில் தாள் தூசி கலந்திருக்கும், எழுத்து சாம்பலாக வரும்.

பிரிண்டைப் பார்த்தே கோளாறை ஓரளவு கணிக்கலாம். மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுங்கோடு: ட்ரம்மில் கீறல், அல்லது அதை வழிக்கும் பிளேடு தேய்ந்தது. ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 12ஏ கார்ட்ரிட்ஜில் சுமார் 75 மில்லிமீட்டர் என்றால் குற்றவாளி ட்ரம், ஏனென்றால் அதன் சுற்றளவு அதுதான். விரல் பட்டால் எழுத்து உதிர்ந்தால் ஃபியூசர். நடுவில் மட்டும் மங்கினால் பவுடர் தீர்கிறது. கழற்றி இடவலமாக ஐந்தாறு முறை ஆட்டிப் போட்டால் இன்னும் சில பக்கம் ஓடும். தாளை இழுக்காமல் 'கடக் கடக்' என்று மட்டும் சத்தம் வந்தால் பிக்கப் ரோலர் வழுக்குகிறது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், போதவில்லையென்றால் புது ரோலர். ட்ரம்மை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். வெளிச்சம் அதைக் கெடுக்கும், விரல்ரேகை நிரந்தரமாகப் பதியும்.

ஸ்டேப்ளர் பின்னோடு தாளை உள்ளே விடுவது ஃபியூசரின் மேல் உறையைக் கிழிக்கும். கிழிந்தால் ரீஃபில் அளவு செலவில் முடியாது.

தாளும் வைஃபையும்

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 70 ஜிஎஸ்எம் மலிவு, ஒற்றைப் பக்கத்துக்குச் சரி. இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்க எழுத்து தெரியும், 75 அல்லது 80 எடுங்கள். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. அதன் காப்பியர் தாள் வீட்டு, அலுவலக வேலைக்குத் தாராளமாகப் போதும். பிரச்சினை தாளின் பெயரில் இல்லை, ஈரத்தில். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பிரித்துவைத்த கட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தாள் ஃபியூசர் சூட்டில் சுருண்டு உள்ளே மாட்டும். மழைக்காலத்தில் மட்டும் 'பேப்பர் ஜாம்' வருகிறதென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் புதுக் கட்டு பிரித்துப் போட்டுப் பாருங்கள். மீதித் தாளை அதன் உறையிலேயே மடித்துவையுங்கள்.

வைஃபை பிரிண்டர் வாங்கி "கனெக்ட் ஆகவே மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்குப் பிரிண்டர் கெட்டிருக்காது. விலை குறைந்த மாடல்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். இப்போதைய ஃபைபர் ரூட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கலந்து விடுகின்றன. ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, பிரிண்டரையும் முதல்முறை இணைக்கும் செல்போனையும் 2.4இல் சேர்த்தால் பெரும்பாலும் முடிந்தது.

இன்னொரு குழப்பம் பிரிண்டரின் தலையில் அநியாயமாக விழுவது: வீட்டில் தட்டச்சு செய்த தமிழ் கடிதம் கடையில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துக் குவியலாக வருவது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

வாரன்ட்டி அட்டையில் 'ஓர் ஆண்டு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு பக்க எண்ணிக்கையும் இருக்கும்; பல இங்க் டேங்க் மாடல்களில் 30,000 பக்கம் போல. எது முன்னால் வருகிறதோ அதோடு வாரன்ட்டி முடியும். தினம் நூறு பக்கம் அடிக்கும் கடைக்கு அது பத்து மாதம்தான். பழைய பிரிண்டர் வாங்குகிறவர்களுக்கும் இந்த எண் உதவும். இதுவரை எத்தனை பக்கம் அடித்திருக்கிறது என்பதைப் பிரிண்டரே சொல்லும். பல லேசர்களில் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தாலோ, டிரைவரிலிருந்து கேட்டாலோ ஒரு தகவல் பக்கம் அடிக்கும். "வீட்டில் கொஞ்சம்தான் யூஸ் பண்ணினோம்" என்று விற்பவர் சொல்லும்போது, அந்தப் பக்கத்தை அடிக்கச் சொல்லி எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.